முள்ளுப்பழ பாய்க்கு ஒரு பார்சல்

சர்க்கார் தபாலாபீஸை வேலை நாளில் இழுத்து மூட வைக்க மூன்று சக்திகளால்தான் முடியும். ஒன்று, தலைவர் யாராவது காலமாக வேண்டும். இரண்டு, புயல் அடிக்க வேண்டும். மூன்றாவது, முள்ளுப்பழ பாய். முதல் இரண்டுக்கும் முன்கூட்டியே தகவல் வரும். மூன்றாவதற்குக் காற்று திரும்பினால் போதும்.

ஏர்வாடியிலிருந்து சாயல்குடி போகிற வழியில் உள்ள ஒரு கடற்கரை ஊர் அது. அங்கே நான் போஸ்ட் மாஸ்டர். குமாஸ்தாவும் நானே, முத்திரை குத்துபவனும் நானே. தபால் கொண்டுபோக முனியசாமி என்று ஒருவர், அவருக்கு ஒரு சைக்கிள். இந்தத் தண்ணியில்லாக் காட்டுக்கு என்னை அனுப்பிவைத்தது, மேலதிகாரியின் மீசையைப் பற்றி நான் அடித்த ஒரு ஜோக். ஜோக் எனக்கு மறந்து போயிற்று. ஊர் மட்டும் மறக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம். பஸ்ஸில் வந்த தபால் பையை அவிழ்த்தோம். ஒரு வாடை வந்தது என்று சொன்னால் அது அந்த வாடைக்குச் செய்கிற அவமரியாதை. அது பைக்குள்ளிருந்து எழுந்து நின்று எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது. அழுகிய பலாப்பழத்தையும் வெங்காய மூட்டையையும் பெருங்காய டப்பாவையும் ஒரே அறையில் பூட்டி, மழையில் ஒரு மாதம் நனைய விட்டால் ஒருவேளை கிட்டத்தட்ட வரலாம். துணி போட்டுத் தைத்து அரக்கு வைத்த ஒரு பார்சல். பினாங்கிலிருந்து கப்பலில் வந்திருந்தது. சுங்கச் சீட்டில் ‘உணவுப் பொருள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. யாருடைய உணவு என்று எழுதவில்லை.

“சார், இது செத்தது சார்” என்றார் முனியசாமி.

“என்னப்பா செத்தது?”

“அது தெரியலை சார். ஆனா செத்தது பெருசு.”

நான் துப்பறியும் நாவல்களை மூக்குப்பொடி மாதிரி இழுத்துக்கொண்டிருந்த காலம். பார்சலின் அளவைப் பார்த்தேன். உருண்டை. கழுத்துக்கு மேலே ஒரு மனிதனுக்கு என்ன அளவு இருக்குமோ அந்த அளவு. ஆபீஸைச் சாத்திவிட்டு வெளியே வெயிலில் நின்றபடி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு சீட்டு எழுதினேன்: ‘தலை என்று கருதத்தக்க பார்சல் ஒன்று இவ்வலுவலகம் வந்து சேர்ந்துள்ளது.’ முனியசாமி சீட்டை வாங்கிச் சைக்கிளில் பறந்தார்.

பத்தாவது நிமிஷம், கொடுக்காத சீட்டோடு திரும்பி வந்தார். கூட வந்தது போலீஸ் இல்லை. நெட்டையாக, ஒல்லியாக, கட்டம் போட்ட பினாங்குக் கைலியும் கையில் கறுப்புக் குடையுமாக, அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பாய். இரண்டு தெருவுக்கு அப்பாலேயே வாடை பிடித்து, வாடையின் மேலேயே நடந்து வந்துவிட்டாராம். ஆபீஸ் கதவைத் திறந்தவர் உடனே உள்ளே நுழையவில்லை. முதலில் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

“வந்துருச்சா தம்பி?”

“பாய், அதுக்குள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் பார்சலைக் குழந்தை மாதிரி தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“தெரியாமலா? என் வீட்டுக்காரில்ல இருக்கா.”

நான் மயங்கித் தரையில் சாய்ந்துவிட்டேன். சீட்டில் நான் எழுதியிருந்தது தலை என்று அல்லவா!

முனியசாமி தண்ணீர் தெளித்தார். பாய் குடையால் விசிறினார். நான் கண் விழித்ததும் பாய் பார்சலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஈயம் பற்றவைத்த தகர டப்பா. டப்பாவுக்குள் அல்வா மாதிரி கரும்பழுப்பாக ஒரு களி. “துரியான் தம்பி. முள்ளுப்பழம். சுளையை எடுத்து, சீனி போட்டு, விடாமக் கிண்டணும். ஒரு வருசமானாலும் கெடாது.”

இனிமேல் கெட அதில் என்ன பாக்கி என்று கேட்க நினைத்தேன். மூச்சு விடாமல் பேசும் வித்தை அப்போது எனக்குக் கைவரவில்லை.

பாயின் சொந்தப் பெயர் முகவரியில் இருந்தது; ஊரில் யார் வாயிலும் இல்லை. முப்பது வருஷம் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கேயே ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டியவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்ததும், பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு மூணு மாசத்தில் வாரேன் என்று கப்பல் ஏறினார். திரும்பிப் போக நாகப்பட்டினம் போனபோது காகிதம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். காகிதத்தைச் சரிசெய்து கொண்டுபோனால் சட்டம் சரியில்லை என்றார்கள். மூணு மாசம் ஆறு வருஷமாகியிருந்தது.

ஆனால் தலை மட்டும் இன்னும் பினாங்கிலேயே இருந்தது. அங்கே துரியான் பழத்தை யாரும் பறிப்பதில்லையாம். தானாகப் பழுத்துத் தானாக விழ வேண்டும். தென்னை உயரத்திலிருந்து, உடம்பெல்லாம் முள்ளோடு விழுகிற அதன் கீழே நம் தலை இருந்துவிட்டால் மையித்துதான், அதாவது பிணம்தான். அதனால் மரத்தடிக்குப் போகுமுன் அண்ணாந்து பார்ப்பது அந்த ஊர் வழக்கம். சரி, எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? பனையும் உடைமரமும். உடைமரத்திலிருந்து விழுந்தால் அதன் நிழல்தான் விழ வேண்டும். அதுவும் சரியாக விழாது. இருந்தும் பாய் பார்ப்பார். பஸ்ஸுக்குள் ஏறும்போதும் பார்ப்பார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவர் ஊறுகாய் ஜாடி வைத்திருந்த பரணை வெகுநேரம் பார்த்துவிட்டு, “தங்கச்சி, அது பழுத்துருச்சா?” என்று கேட்டார். என் மனைவி கோமதி அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஜாடியே விழுந்திருக்கும்.

துரியானைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் மூன்று தபால் பஸ் போய்விடும். அது ராஜாவாம். மங்குஸ்தான் ராணியாம். ராஜா உடம்பில் சூட்டைக் கிளப்புவார், ராணி வந்து தணிப்பாராம். நாற்றத்துக்குப் பயந்து கப்பல்காரன் ஏற்ற மாட்டான், ஓட்டல்காரன் உள்ளே விட மாட்டான். ஆனால் சீசன் வந்துவிட்டால் கட்டின தாலியை அடகு வைத்தாவது வாங்கித் தின்னாத ஆள் கிடையாது. தின்றபின் அந்தப் பழத்தின் ஓட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். குடித்தால் வாடையும் போகும், சூடும் போகும். இதற்காகவே பினாங்கிலிருந்து தோணி வடிவத்தில் ஒரு துண்டு ஓட்டைக் கொண்டுவந்திருந்தார். காய்ந்து கறுத்து, முள் மழுங்காமல், அவர் குடிசையில் ஒரு கயிற்றில் தொங்கும். அதைத் தொடும்போது மட்டும் குடையைக் கீழே வைப்பார்.

அந்தக் களியைச் சுக்கு, திப்பிலி, கருப்பட்டியோடு சேர்த்து லேகியம் செய்வார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்குத் தெம்பு வர ஒரு சுண்டைக்காய் அளவு. பிள்ளை இல்லாத தம்பதிகளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு. ஏர்வாடி தர்காவுக்கு வருகிற ஜனங்கள் அப்படியே நடந்து இவரைத் தேடியும் வருவார்கள். காசு வாங்க மாட்டார். வாங்கினால் பலிக்காது என்பார். ஒரே ஒரு நிபந்தனை: “சாராயம் குடிச்சுருந்தா இப்பவே சொல்லிப்புடுங்க. இதுவும் அதுவும் உள்ளே சந்திச்சுச்சு, வயிறு வெடிச்சுரும். அங்கன ஒரு மாலுமி வெடிச்சதை நான் கண்ணால பாத்தேன்.”

லேகியத்தை ஊர் நம்பியது. எனக்கு அதைவிட விசித்திரமாக இருந்தது வேறொன்று. வருஷத்துக்கு மூன்று முறை பார்சல் வரும். வந்ததும் என் மேஜை முன்னாலேயே டப்பாவைத் திறப்பார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு படிக்க ஆரம்பிப்பார்.

“சுக்கு சேத்துருக்கா. சளி பிடிச்சுருக்கும் போல... சீனி குறைச்சல். ம்ம். என் மேலே கோவம்... கிண்டுனது பதமா இருக்கு. உடம்பு நல்லாத்தான் இருக்கு.”

“பாய், தந்திகூட இவ்வளவு சேதி சொல்லாதே!” என்று நான் சிரிப்பேன்.

“அவளுக்கு எழுதத் தெரியாது தம்பி. கிண்டத் தெரியும்.”

ஒரு தை மாதம் வந்த டப்பாவைத் திறந்து, தொட்டு, நாக்கில் வைத்தார். நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. நான் வழக்கம்போல, “என்ன பாய், இன்னைக்கு என்ன திட்டியிருக்காங்க?” என்றேன்.

“கட்டி கட்டியா இருக்கு தம்பி. கை நடுங்கியிருக்கு.”

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் அண்ணாந்து பார்க்க மறந்துவிட்டார்.

அதன்பிறகு பார்சல் வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைதோறும் பாய் வந்தார். “பார்சல் வந்துச்சா தம்பி?” முதல் மாசம் நான் ஏதாவது ஜோக் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது மாசம் பையை அவருக்கு முன்னாலேயே கவிழ்த்துக் காட்டினேன். மூன்றாவது மாசத்திலிருந்து செவ்வாய்க்கிழமை அவர் குடையைக் கண்டதுமே எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் கோமதி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “பாய்கிட்ட எனக்காக அந்த லேகியம் கேக்கிறீங்களா?” என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். மதுரையில் பார்க்காத டாக்டர் இல்லை. ஊருக்குப் போனால் உறவுக்காரப் பெண்கள் கேட்கிற கேள்விக்கு நான் ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். அவளுக்கு ஜோக் அடிக்கத் தெரியாது. அன்றைக்கு அவள் அதைக் கேட்ட குரலில், எனக்கும் ஜோக் மறந்துபோயிற்று.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மோந்து பார்க்கிற மாதிரி பார்த்தார். மறுநாள் இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல்.

“சேப்பு தங்கச்சிக்கு. வெள்ளை உங்களுக்கு. நெல்லிக்காய் அளவு, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ரெண்டு பேரும் திங்கணும். ஏ தம்பி, மாத்திக் கீத்திப்புடாதீங்க.”

ஞாயிறு மத்தியானம் தின்றோம். கோமதி கண்ணை மூடிக்கொண்டு, சாமி பிரசாதம் மாதிரி தின்றாள். அவள் பாத்திரம் கழுவப் போனதும் முனியசாமி ஏதோ சாவிக்காக வந்தார். வந்தவர் கண், என் அலமாரியில் அரைகுறையாக ஒளிந்திருந்த ஒரு பாட்டிலில் நின்றது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஜில்லா முழுக்க அஜீரணம் திடீரென்று பெருகியதும் அந்தக் காலத்தில்தான். எனக்கும் இருந்தது. அதற்கு மருந்தாகத் திராட்சை அரிஷ்டம் தினம் இரண்டு மூடி சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அஜீரணம் கொஞ்சம் கூடுதல். அதனால் மூடியை அளவாக வைத்துக்கொள்வதில்லை.

“சார், லேகியமும் தின்னுட்டு இதையும் குடிச்சீங்களா?”

“அது அரிஷ்டம்ப்பா. மருந்து.”

“மருந்துதான் சார். வண்டிக்காரச் செல்லையா இந்த மருந்துல மூணு பாட்டில் குடிச்சுட்டுத்தானே வண்டியை மாட்டோட கண்மாய்க்குள்ளே விட்டான்? இதுவும் அதுதானே சார்?”

வயிற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. மாலுமி கண்முன் வந்தான். வெடித்தான். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வேட்டியைத் தளர்த்திவிட்டேன், வெடித்தால் தாராளமாக வெடிக்கட்டும். உத்தியோகப் புத்தி எங்கே போகும்? ஒரு தாள் எடுத்து, ‘மீண்டும் பணிக்குத் திரும்ப இயலாத காரணத்தால் அலுவலகப் பொறுப்பை முனியசாமியிடம் ஒப்படைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தேதி போட மறந்தேன். பாக்கியைச் சித்திரகுப்தன் போட்டுக்கொள்ளட்டும் என்று ஓட ஆரம்பித்தேன்.

“எங்கே இந்த ஓட்டம்?” என்றாள் கோமதி வாசலிலிருந்து.

“பாய்க்கு நன்றி சொல்ல!”

“நன்றி சொல்ல யாராவது வேட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுவாங்களா?”

உச்சி வெயில். கடற்கரை மணல் சட்டியில் வறுத்த மாதிரி. அந்தக் கால் மைல் தூரத்தில் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ஏர்வாடிக்கு ஒரு பாத்தியாவும் ராமேஸ்வரத்துக்கு ஒரு மொட்டையும் நேர்ந்தேன். பாயின் குடிசைக்குள் விழுந்தபோது அவர் குடைக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“பாய், நான் சாகப் போறேன்.”

“எல்லாரும் போறதுதான். உக்காருங்க தம்பி.”

“அரிஷ்டம் குடிச்சிருந்தேன் பாய்!”

“எவ்வளவு?”

“ரெண்டு மூடி.”

அவர் பார்த்தார்.

“அரை பாட்டில்” என்றேன். சாகும்போது எதற்குப் பொய்?

பாய் கயிற்றிலிருந்து அந்த ஓட்டை இறக்கினார். பானைத் தண்ணீரை ஊற்றி, என் தலையை மடியில் தாங்கிக் குடிக்க வைத்தார். ஒரு முள் தாடையில் குத்தியது, அதுதான் மரண வேதனை என்று நினைத்து, “கோமதியை அவ அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க பாய். பாவம், அவ ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே அழுதேன். வாழ்நாள் முழுக்கச் சிரிக்க வைத்த ஒருவன் அழுதால் எப்படி இருக்கும்? கழுதை கத்துகிற மாதிரிதான் இருந்திருக்கும். பாய் சிரிக்கவில்லை. ஓட்டைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைத் தட்டினார்.

“தம்பி, எந்திரிங்க. நீங்க சாகலை. உங்க பொட்டலத்துல முள்ளுப்பழமே இல்லை.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“கருப்பட்டியும் பேரீச்சம்பழமும். டப்பாவைச் சுத்தி வந்த துணியில பொதிஞ்சு வச்சேன், வாடை ஏறிருச்சு. நீங்க ஞாயித்துக்கிழமையில மருந்து குடிக்கிறது ஊருக்கே தெரியும். பிள்ளை கேக்குற மனுசனைக் கொன்னுபுடச் சொல்றீங்களா?”

உயிர் திரும்பியதும் எனக்குக் கோபம் திரும்பியது. “அப்போ கோமதிக்குக் கொடுத்ததும் கருப்பட்டிதானா? பாய், அவ அதை எப்படித் தின்னா தெரியுமா?”

“அது அசல்.”

“ஏது? டப்பா வந்துதான்...”

அங்கேதான் நின்றேன். டப்பா வந்து ஏழு மாசம். அதற்கு முத்திரை குத்த வேண்டிய ஒரே ஆள் நான். செவ்வாய்தோறும் வெறும் பையைக் கவிழ்த்துக் காட்டியவன் நான். அப்படியிருந்தும் லேகியம் கேட்டுப் போனபோது, அதை அவர் எங்கிருந்து எடுப்பார் என்று இந்த மூளைக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

“கடைசி டப்பாவுல ஒரு உருண்டை வச்சுருந்தேன்” என்றார் பாய், ஓட்டைத் துடைத்தபடி. “யார் கேட்டும் கொடுக்கலை. தீந்துருச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அது அவங்க கடைசியாப் போட்ட கடுதாசி பாய். அதைப் போய் ஏன்...”

“படிச்சாச்சு தம்பி.”

குடையை விரித்துப் பார்த்தார். கம்பி சரியாகிவிட்டிருந்தது. “வீட்டுக்குப் போங்க. தங்கச்சி தேடும்” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் வந்து, “பார்சல் வந்துச்சா தம்பி?” என்றுதான் கேட்டார். “இல்லை பாய்” என்றேன். அரிஷ்ட பாட்டில் கிணற்றடிச் செம்பருத்திக்குப் போயிற்று. செம்பருத்தி வெடிக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு மாற்றல் வந்தது, நீலகிரி மலையடிவாரத்துக்கு. போன இடத்தில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். டாக்டர் தான் கொடுத்த இரும்புச்சத்து டானிக் என்றார். கோமதி சிவப்பு நூல் என்றாள். அவள் இன்றைக்கும் அந்த நூலைக் குங்குமச் சிமிழில் வைத்திருக்கிறாள். பாய்க்கு எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்ததோடு சரி. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன மாட்டான். தபால்காரன் கடிதம் எழுத மாட்டான்.

மகள் தவழ ஆரம்பித்திருந்த ஆடி மாதம். குன்னூர் ரோட்டோரம் ஒரு பழக்கூடைக்காரி முன்னால் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எதிர்த்திசையில் ஓடினேன். அந்த மலைச்சரிவில் துரியான் மரம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இரண்டு பழம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். நான்கு மைல் நடந்தேன், நடுநடுவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

கோமதி சுளையை எடுத்து, கிடைத்த சீனி போதாமல் கருப்பட்டியும் போட்டு, காலையிலிருந்து கிண்டினாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மனு எழுதினார்கள். நடுவில் இரண்டு தரம் மகள் அழுதாள். கோமதி கரண்டியை விட்டுவிட்டுப் போய் வந்தாள். நான் டப்பா தேடி, ஈயம் பற்றவைத்து, துணி தைத்தேன். துர்நாற்றம் வீசும் பொருள்களை அனுப்பக் கூடாது என்ற விதியை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டிய நான், என் கையாலேயே அந்தப் பார்சலுக்கு முத்திரை குத்தினேன்.

“ஒரு கடுதாசி வைக்கவா?” என்றேன்.

“வேண்டாம். அவருக்கு எழுத்தில்லாம வந்துதானே பழக்கம்?” என்றாள் கோமதி.

பன்னிரண்டாம் நாள் ஒரு கார்டு வந்தது. எழுத்துகள் எல்லாம் காற்றடித்த பனை மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன.

‘தம்பிக்கு. செவ்வாக்கிழமை போயி பார்சல் வந்துச்சான்னு கேட்டேன். வந்துருச்சுன்னு சொன்னாங்க. புது மாஸ்டரு ஆபீசைச் சாத்திட்டு வெளியில நிக்கிறாரு. தொட்டுப் பாத்தேன். கருப்பட்டி தூக்கல். ரெண்டு இடத்துல அடி பிடிச்சுருக்கு. கிண்டுற கை ரெண்டு தரம் நின்னுருக்கு. வீட்டுல புள்ளை அழுதுருக்கு. அல்ஹம்துலில்லாஹ். இனிமே தங்கச்சியைக் கிண்டச் சொல்லாதீங்க. நீங்க கிண்டுங்க.’

அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஆடி பிறந்தால் நான்தான் கிண்டி அனுப்புகிறேன். இப்போது எனக்குப் பதம் நன்றாகக் கைவந்துவிட்டது, அடி பிடிப்பதே இல்லை. ஆனாலும் இறக்குவதற்கு முன் இரண்டு இடத்தில் மட்டும் கரண்டியை நிறுத்திக் கொஞ்சம் பிடிக்க விடுகிறேன். நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே.